பாடி கட்டிய கார்

அந்தப் பெரிய காரில் ஏறும்போதெல்லாம் அத்தாயிக்கு முட்டி விண்ணென்று வலிக்கும். அது தொலைந்து தாழ்வான சின்னக் கார் ஒன்று வீட்டுக்கு வர வேண்டுமென்று புதுச்சத்திரத்தில் அவள் வேண்டாத சாமியில்லை. ஒருவழியாக, அதை விலைக்குக் கேட்டு சேலத்திலிருந்து சித்தார்த் வந்தான்.

“ஒன்றரைக் கோடி போட்டு எடுத்தது தம்பி. அதுபோக பாடிக்கு நாலு லட்சம்” என்றார் அவள் கணவர் மணிமாறன்.

அவர் லாரிக்காரர். வெறும் அடிச்சட்டமாக சேஸை வாங்கி நாமக்கல் பட்டறையில் அதன்மேல் பாடி கட்டினால்தான் அவருக்கு அது வண்டி. அந்தப் பழக்கத்தில் இந்தக் காருக்கும் முன்னால் இரும்புக் கம்பி, கூரைமேல் ஏர் ஹாரன், பின்னால் மஞ்சள் எழுத்தில் பெண்டாட்டி பெயர்.

சித்தார்த் சுற்றிவந்து பார்த்தான்.

“இந்த மாதிரி காரெல்லாம் மூணு வருசத்துல பாதி வெலைங்கண்ணா. எழுபத்தஞ்சு தரலாம். பாடியக் கழட்டி, ஓட்டையடைச்சு, பெயின்ட் அடிக்க அதுல ஆறு லட்சம் கழிச்சுக்கறேங்க.”

“கட்டுனதுக்குக் கழிப்பியா? எந்த லாரிக்காரங்கிட்ட வேணா சொல்லிப் பாரு, சிரிப்பான்!”

“ஏனுங்க, குடுத்துருங்க. என்னால ஏற முடியலீங்க” என்றாள் அத்தாயி.

“இத முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல புள்ள?”

சித்தார்த் வெறுங்கையோடு திரும்பினான். மறுநாள் பட்டறையில் காரின் கதவுக்குக் கீழே மூன்று படி வைத்த இரும்பு ஏணியைப் பற்றவைத்தார்கள். அத்தாயி ஏறி உட்கார்ந்தாள்.

“வலிக்குதா?”

“இல்லீங்க.”

“வெலையில இன்னொரு முப்பதாயிரம் சேர்த்துக்கலாம்” என்றார் மணிமாறன்.

அத்தாயி மேலேயிருந்து ஏணியைப் பார்த்தாள். இனி எதைச் சொல்லி இதை விற்கச் சொல்வது?