இடது பக்கத்துப் பேச்சு

"வண்டிய ஓரமா நிறுத்து" என்று பிரபா தோளில் தட்டினாள்.

சுனில் ஒரு பேக்கரி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினான்.

"இப்ப நான் உன்ன என்ன கேட்டேன்?"

"என்னவோ கேட்ட. நானும் சரின்னேனே."

"உங்கம்மாவ சந்தையில வித்துட்டு வரட்டுமான்னு கேட்டேன். சரின்னுட்ட."

சுனில் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"மூணு மாசமா எதுக்கெடுத்தாலும் ஒரு 'ம்'. எம்மேல கோபம்னு நெனச்சேன். உனக்குக் காது கேக்கல. அதை ஏன் சொல்லல?"

பெங்களூர் அடுகோடியில் அவர்களுக்கு இருப்பது ஒரே அறை. நடுவில் ஒரு திரை, திரைக்கு அந்தப் பக்கம் சுனிலின் அம்மா வள்ளியம்மா. அறைக்குள் பிரபா புருஷனை 'நீங்க' என்பாள்; ஸ்கூட்டரில் ஏறியதும் 'நீ'. புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ள அவர்களுக்கு வாய்த்த இடம் அந்த சீட்டு ஒன்றுதான். அவள் வேலை செய்யும் ஜவுளிக்கடையில் புடவைதான் யூனிஃபார்ம். அதனால் ஒருக்களித்துத்தான் உட்கார முடியும், அதுவும் கால்வைக்கும் கம்பி இருக்கிற இடது பக்கமாக. அவள் வாய்க்குப் பக்கத்தில் இருப்பது அவனுடைய இடது காது. கடைக்கு வந்தவள் நாற்பது புடவையைப் பிரிக்கவைத்துவிட்டு ஒரு ஜாக்கெட் துணியோடு போனது முதல், மாமியார் ரசத்தை முகர்ந்து பார்த்தது வரை, எல்லாம் அந்தக் காதுக்குள்தான் போகும்.

காது மந்தமானதை சுனில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் வேலை செய்யும் லேத் பட்டறையின் முதலாளி கில்பர்ட் ஆரம்பத்திலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

"லேத் காது குரு. இந்தப் பட்டறையில யாருக்கு முழுசா கேக்குது? எனக்கு ரெண்டும் போச்சு. வீட்ல நிம்மதியா இருக்கேன்."

பிரபா இழுத்துக்கொண்டு போய்க் காட்டிய காது டாக்டர் சீதாலட்சுமி அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை.

"லேத் சத்தம் ரெண்டு காதையும் சேர்த்துத்தான் தின்னும். உங்களுக்கு ஒரு பக்கம் மட்டும். விசில் மாதிரி இரைச்சல், எழுந்தா தள்ளாட்டம் வேற. ஸ்கேன் எடுத்துடலாம்."

ஸ்கேன் குழாய்க்குள் தள்ளுவதற்கு முன் தலையை ஒரு கூண்டில் மாட்டினார்கள். அசையக் கூடாது என்றார்கள். லேத்தில் இரும்பைப் பிடிக்கிற சக்கில் தன்னையே மாட்டிவிட்டதுபோல் இருந்தது சுனிலுக்கு. இத்தனை வருஷம் முடுக்கியவன் இன்றைக்கு முடுக்கப்பட்டுக் கிடந்தான். காதில் அடைத்த பஞ்சையும் மீறி இயந்திரம் இடித்தது. வலது காதில் மண்டைக்குள்ளேயே இடித்தது. இடது காதில் பக்கத்து வீட்டில் யாரோ சுவர் உடைப்பதுபோல் கேட்டது. கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கினால் வெளியே எடுத்துவிடுவார்களாம். அமுக்காமலே படுத்திருந்தான். தலைக்குள் இருப்பது எதுவானாலும் அவனோடுதானே வெளியே வரும்.

"கேன்சர் இல்ல" என்றார் டாக்டர், ஸ்கேனைப் பார்த்துவிட்டு. "அத முதல்ல மனசுல வாங்கிக்கங்க. வேற எங்கயும் பரவாது. காதுக்கும் மூளைக்கும் நடுவுல ஓடுற நரம்போட உறையில வளந்த கட்டி. சின்னதுதான்."

"அப்ப எடுத்துடுங்க மேடம். இரும்புல பிசிறு இருந்தா நாங்க உடனே அரத்தைப் போட்டு எடுத்துடுவோம்."

"பக்கத்துல என்ன இருக்குன்னு பார்த்துத்தானே அரத்தைப் போடுவீங்க? இங்க ஒட்டிக்கிட்டு ஓடுறது முகத்தை அசைக்கிற நரம்பு. எவ்வளவு கவனமா செஞ்சாலும் வாய் ஒரு பக்கம் கோணலாம். பல பேருக்குச் சரியாயிடும், சில பேருக்கு ஆகாது."

"காது திரும்ப வருமா?" என்று பிரபா கேட்டாள்.

"போனது வராது. ஆபரேஷன்ல மிச்சம் இருக்கறதும் போயிடலாம். கதிர்வீச்சு கொடுக்கலாம், அது கட்டிய எடுக்காது, வளரவிடாம நிறுத்தப் பார்க்கும். அப்பவும் காது மெதுவா குறையலாம். இல்லன்னா ஒண்ணும் செய்யாம பார்த்துக்கிட்டே இருக்கலாம். ஆறு மாசத்துல மறுபடி ஸ்கேன். பெருசாகி மூளைய அழுத்துற மாதிரி வந்தா சும்மா இருக்க முடியாது. பல கட்டி வளராமலே கிடக்கும். ஆனா சும்மா இருந்தாலும் காது போகாதுன்னு நான் எழுதித் தர முடியாது. அவசரம் இல்ல. யோசிச்சு அடுத்த வாரம் சொல்லுங்க."

எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கதவு. எந்தக் கதவைத் திறந்தாலும் போகிறது அதே காது.

வள்ளியம்மாவுக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

"தலைக்குள்ள கட்டிய வெச்சுக்கிட்டு எப்டிடா சோறு எறங்குது உனக்கு? வெட்டி எடுக்கச் சொல்லு."

"கெட்ட கட்டி இல்லம்மா."

"நல்ல கட்டின்னா மாலை போட்டு வெச்சுக்கோ."

"அத்தை, டாக்டர் என்ன சொன்னாங்கன்னா…"

"டாக்டருக்கென்ன, அவங்க தலையிலயா இருக்குது?"

அம்மா சொல்வதும் சுனிலுக்குச் சரியாகத்தான் பட்டது. படுத்தால் விசில் ஊதியது. இனிமேல் அந்த அறையில் நான்கு பேர் என்று நினைத்துக்கொண்டான். நாலாவது ஆளுக்குத் திரைகூட இல்லை.

டாக்டருக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் பிரபா பேசிக்கொண்டே வந்தாள். காதில் சத்தம் வந்தது, சொல் வரவில்லை. யாரோ வாய்க்குள் துணியை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. சிக்னலில் சிவப்பு விழுந்தது. முன்னும் பின்னும் வண்டி. காது மூடாத அரை ஹெல்மெட்டோடு கழுத்தை முழுக்கத் திருப்பி, வலது காதை அவளுக்குக் கொடுத்தான்.

"என்ன சொன்ன? திரும்பச் சொல்லு."

"சொல்ல மாட்டேன். ஒரு தரம் அழுதாச்சு."

அப்போதுதான் அவள் கண்ணைப் பார்த்தான்.

"பிரபா. சொல்லு."

"அந்தக் காது எனக்கு வேணும். அரையோ கால்வாசியோ, இருக்கற வரைக்கும். உனக்கு இன்னொரு காது இருக்குது. எனக்கு இந்தப் பக்கம்தான் இடம்."

"வளந்துடுச்சுன்னா?"

"ஸ்கேன்ல தெரியும்ல. அப்ப வெட்டட்டும். நானே கையெழுத்துப் போடறேன்."

"பயமா இருக்குது."

"எனக்கும்தான். வாய் கோணிப் போனா எந்தப் பக்கம் சிரிக்கிறன்னு வேற நான் தேடணும்."

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஆட்டோக்காரர் "ஹோகி சார், ஹோகி" என்று கன்னடத்தில் போகச் சொல்லி ஹாரனிலேயே கை வைத்துவிட்டார். அவன் கழுத்து இன்னும் பின்பக்கம்தான் இருந்தது. சிவப்பு இன்னும் கொஞ்சம் இருந்திருக்கக் கூடாதா என்று சுனிலுக்குத் தோன்றியது. பெங்களூரில் அப்படி நினைத்த முதல் ஆள் அவனாகத்தான் இருப்பான்.

டாக்டரிடம் காத்திருப்பதாகச் சொன்னான். ஆறு மாதத்துக்குத் தேதி குறித்தார்கள். தள்ளாட்டத்துக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். இரைச்சல் கூடினாலோ முகம் மரத்தாலோ தேதி பார்க்காமல் வரச் சொன்னார்கள்.

வீட்டில் வள்ளியம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஈரக்கையோடு எழுந்து வந்து மகனின் இடது பக்கம் நின்றாள்.

"எப்போடா வெட்டறாங்க? சீக்கிரம்தானே?"

மூடிய அறை, பக்கத்தில் நின்று உரக்கக் கேட்ட குரல். ஒரு சொல்கூடத் தவறாமல் கேட்டது. திரைக்குப் பின்னால் புடவை மாற்றிக்கொண்டிருந்த பிரபாவின் வளையல் சத்தம் நின்றது.

"ம்" என்றான் சுனில்.