நான்காவது கை

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. சித்தியின் பீரோவில் கிடைத்தது.

எங்கள் ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு இணைத்துப் பன்னிரண்டு வருடமாகிறது. நகராட்சி இப்போது ஒரு வரலாற்று மலர் போடுகிறது. இல்லாமல்போன எங்கள் ஊராட்சிக்கு அதில் ஒரே ஒரு பக்கம். அதை எழுத என்னைக் கூப்பிட்டார்கள். முப்பத்தொரு வருடம் அங்கே எழுத்தராக இருந்த சித்தியிடம் கடைசிக் கூட்டத்தின் குறிப்பேட்டைக் கேட்டேன். பக்கம் எழுதப் போனவன் கதைக்குள் விழுந்தேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில் ஏழு உறுப்பினர்களும்—

(வேண்டாம். அன்று நல்ல வெயில், மின்விசிறி ஓடவில்லை என்று குறிப்பேட்டிலேயே இருக்கிறது. நான் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில்தான் எல்லா முடிவும் மழையில் எடுக்கப்படும்.)

இரண்டாம் முயற்சி: ஏழு பேர். ஊராட்சி தனியாக இருப்பதா, இணைவதா? இணையலாம் என்பவர்கள் மட்டும் கை தூக்குவார்கள், தூக்காதவர் எதிர்ப்பு. அதுதான் வழக்கம். சித்தி எண்ணினாள். நான்கு. தலைவர் "நிறைவேறியது" என்றார். ஏழு நாற்காலிகள் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன.

நான்காவது கை, உறுப்பினர்களில் ஒருவரான பம்பு மெக்கானிக்குடையது. இணைந்த மறு வருடமே ஊர்ப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அன்றிலிருந்து ஊர் அவரை 'கைதூக்கி' என்றுதான் கூப்பிடுகிறது. கூடப்பிறந்த தங்கையே அவர் வாசலை மிதிப்பதில்லை.

3

குறிப்பேட்டை நீட்டிய சித்தி, அதை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"அவன் ஓட்டுக்குக் கை தூக்கலடா."

"பின்ன?"

"ஏதோ கேக்கணும்னு தூக்கினான். முழங்கை மடங்கியே இருந்துச்சு. பாத்தேன். பாத்துட்டும் எண்ணிட்டேன்."

"அப்போ மூணு கைதானா? ஊராட்சியே..."

"ஆமா. என் விரல்லதான் போச்சு. தலைவர் 'எத்தன, எத்தன'ன்னு பறந்தாரு. தப்புன்னா அடுத்த கூட்டத்துல திருத்திக்கலாம்னு விட்டேன்."*

* ஒவ்வொரு கூட்டமும் முந்தைய கூட்டத்தின் குறிப்பை வாசித்து, திருத்தி, உறுதி செய்த பிறகுதான் தொடங்கும். எல்லாத் தவறுகளும் அப்படித்தான் சரியாயின. கடைசிக் கூட்டத்துக்கு மட்டும் அடுத்த கூட்டம் இல்லை.

4

இங்கே எனக்கொரு சந்தேகம். மெக்கானிக் ஏன் அப்போதே வாயைத் திறக்கவில்லை? பாத்திரம் நம்பும்படி இல்லையே. பேச்சு வராதவராக மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

"உன் மண்டைய உடைச்சுக்காத. ஆளு உசுரோடதான இருக்கான், வா," என்று சித்தி செருப்பை மாட்டினாள்.

பட்டறையில் அவர் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். ஸ்டூலைத் துடைத்துச் சித்தியை உட்காரவைத்தார். கிரீஸ் படாத மூலையாகப் பார்த்துச் சித்தி குறிப்பேட்டை வைத்தாள்.

"தம்பி, அன்னிக்கு நீ என்ன கேக்க வந்தே?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "இணைஞ்சா பள்ளிக்கூடத்த மூடிடுவாங்களான்னு கேக்கலாம்னுதான்."

"ஏன்யா சொல்லல?"

"நீங்க எழுதிட்டீங்களேக்கா. நீங்க எண்ணினா தப்பாகும்னு யாரு நெனப்பா? அடுத்த கூட்டத்துல சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்."

"வெளியில சொல்லியிருக்கலாமே?"

"தங்கச்சிகிட்ட சொன்னேன். குறிப்பேட்டக் காட்டுன்னா."

5

முடிவு அ: மலரில் நான்கு என்றே போடுகிறேன். சித்தியின் முப்பத்தொரு வருடத்தில் ஒரு கறையும் இருக்காது.

முடிவு ஆ: மூன்று என்று போடுகிறேன். இனி ஊர் சித்திக்குப் பட்டப்பெயர் தேடும்.

முடிவு இ: அந்த நேரம் பார்த்துத் தங்கை பட்டறை வாசலில் வந்து—

(வரவில்லை. வந்ததாக எழுதினால் அதுவும் இல்லாத ஒரு கையை எண்ணுவதுதான்.)

நடந்தது இவ்வளவுதான். "வேணாம்க்கா, இந்த வயசுல உங்க பேரு எதுக்கு?" என்று மெக்கானிக் தடுத்தார். சித்தி கேட்கவில்லை. பழைய வரியை அடிக்காமல், அதன் கீழே எழுதினாள்: 'மேற்படி எண்ணிக்கை தவறு. ஆதரவு மூன்று. தவறாக எண்ணியவள் நான்.' கையெழுத்தும் போட்டாள்.

"இது செல்லாதுடா," என்றாள் என்னிடம். "கூட்டம் உறுதி பண்ணணும். கொறஞ்சது நாலு பேர் வேணும்."

பட்டறையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்.

6

பொருள்: முந்தைய கூட்டத்தின் குறிப்பைத் திருத்தி உறுதி செய்தல்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். இன்னொரு ஸ்டூலும் துடைத்து வைத்திருக்கிறது, உட்காருங்கள். ஏற்பதென்றால் முழங்கை மடங்காமல் தூக்குங்கள்; நான் எண்ணுகிறேன். கேள்வி இருந்தால் இப்போதே வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். இதற்கும் அடுத்த கூட்டம் கிடையாது.