ஹெல்மெட்டுக்கு நீச்சல் தெரியாது

நான்காவது தடவையாக ஹெல்மெட்டைத் தூக்கித் தண்ணீருக்குள் விட்டேன். அது நாலு காலையும் உதைத்து, கழுத்தை நீட்டி, தட்டுத் தடுமாறிப் பாறையைப் பிடித்து மேலே ஏறியது. பிறகு என்னைத் திரும்பியும் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. "சோம்பேறிக் கழுதை" என்று திட்டினேன். இன்னொரு ஆமையான தட்டு, தொட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ராஜா மாதிரி நீந்திக்கொண்டிருந்தது. கூடவே இருந்து பார்த்தும் ஒருத்தனுக்குப் புத்தி வரவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

நான் குழாய் வேலை செய்கிறவன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். போன வாரம் ஒரு வீட்டில் தண்ணீர் இணைப்பை மூடப் போயிருந்தேன். வீட்டுக்காரர் இறந்துவிட்டார், அவருடைய அண்ணன் மகன் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தான். கிளம்புகிற நேரத்தில் ஓர் அட்டைப் பெட்டியைக் கையில் கொடுத்தான். "ரெண்டு ஆமைண்ணே. சித்தப்பா வளர்த்தது. நீங்க எடுத்துக்கிறீங்களா, இல்ல குளத்துல விட்டுடவா?" அவனுக்கு அவற்றைப் பற்றி வேறொன்றும் தெரியவில்லை. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். ஒன்று கவிழ்த்துவைத்த ஹெல்மெட் போல மேடாக இருந்தது, மற்றது தட்டு போலச் சப்பையாக இருந்தது. அங்கேயே பெயரும் வைத்துவிட்டேன்.

பின்கட்டில், துணி துவைக்கிற இடத்தில், மூன்றே நாளில் தொட்டி கட்டினேன். ஆறடிக்கு நாலடி. உள்ளே நீல டைல்ஸ், தண்ணீர் வர ஒரு வழி, போக ஒரு வழி, வடிகட்ட ஒரு குட்டி மோட்டார். நடுவில் அழகுக்கு ஒரு பாறை. இந்த ஊரில் எந்த ஆமைக்கும் இப்படியொரு மாளிகை கிடையாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன். ஹெல்மெட் அதிலிருந்து தப்பிக்கப் பார்த்தது. ஒருத்தன் தப்பிக்கப் பார்த்தால் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். நான் போய்ச் செங்கல் வாங்கி வந்து சுவரை இன்னும் ஒரு வரிசை உயர்த்தினேன்.

விவரம் கேட்கலாமென்று மனைவியின் தம்பியைக் கூப்பிட்டேன். கைபேசி பழுது பார்க்கிறவன், உலகத்தில் எதையும் போனிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்கிற கட்சி. மேலேயிருந்து ஒரு படம் எடுத்தான், எதையோ தட்டினான், முகத்தை ரொம்ப முக்கியமாக வைத்துக்கொண்டான். "ஆமைன்னு சொல்லுது மாமா."

"அது எனக்கும் தெரியும்டா மச்சான்" என்று அனுப்பிவைத்தேன்.

என் மனைவி மட்டும் தொட்டிப் பக்கமே வரவில்லை. ஊர்கிற எதுவும் அவளுக்கு ஆகாது. அவள் செருப்புக் கடையில் பதினாலு வருஷமாக விற்பனையில் இருக்கிறாள். யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பாள், முகம் அப்புறம். நாங்கள் முதலில் சந்தித்ததே அந்தக் கடையில்தான். பூட்ஸ் வாங்கப் போன என்னிடம் அவள் பேசிய முதல் வாக்கியம், "உங்களுக்கு இடது கால் அரை சைஸ் பெருசு" என்பது. அதுவரை அது எனக்கே தெரியாது.

அன்று வியாழக்கிழமை, ஹெல்மெட் வந்து ஒன்பதாவது நாள். வேலை முடிந்து வந்தவள் நான் கத்துவதைக் கேட்டுக் கதவோரம் வந்து நின்றாள். தொட்டியில் மீன் தீனி அப்படியே மிதந்தது. ஹெல்மெட்டின் மூக்கில் ஒரு சின்னக் குமிழி வந்து வந்து உடைந்தது.

"இன்னைக்கும் சாப்பிடலையா?"

"வீம்பு பிடிச்சிருக்கு."

அவள் உள்ளே போனாள். பழைய துண்டொன்றை எடுத்து வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்தாள். "குடுங்க இங்க" என்றாள். நம்ப முடியாமல் கொடுத்தேன். முதலில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு கடையில் வாடிக்கையாளரின் காலைப் பிடிப்பதுபோல அதன் பின்னங்காலை உள்ளங்கையில் ஏந்தி, கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்தாள்.

"ஏங்க, இது நீந்துற கால் இல்லைங்க."

"ஆமைக்குப் போய் கால்ல வித்தியாசம் பாக்குறியா?"

"அந்தத் தட்டைத் தூக்குங்க. பாருங்க, விரலுக்கு நடுவுல தோல் இருக்கு, துடுப்பு மாதிரி. இவனுக்கு விரலே தனியாத் தெரியல, தூண் மாதிரி இருக்கு. உள்ளங்கால் எப்படிக் காய்ச்சுப்போயிருக்கு பாருங்க. இப்படிக் காலோட எங்க கடைக்கு வர்றது தபால்காரர்தான். இவன் தரையில நடக்கிறவன்ங்க." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இத்தனை நாளா இவனை முக்கி முக்கி எடுத்திருக்கீங்க."

மேடு, சப்பை என்று பார்த்துப் பெயர் வைத்தவனே நான்தான். ஏன் இரண்டும் வேறுவேறாக இருக்கின்றன என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? என் கைக்குத் தெரிந்தது தண்ணீர், அதனால் கண்ணில் பட்டவனுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தேன். அது நாலு தடவை மேலேறியது சோம்பலால் அல்ல, உயிர் பிழைக்க.

வளர்ப்புப் பிராணிகளைப் பதிவு செய்ய நகராட்சிக் கால்நடை டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. உடனே அவருக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டவர் என்னைத் திட்டவில்லை, அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"உடனே வெளிய எடுங்க. காய்ஞ்ச தரை, வெயில், வெதுவெதுப்பா ஒரு மூலை. குடிக்கக் கால் நனையுற அளவு தண்ணி போதும். மீன் தீனி வேண்டாம், இலை தழை வைங்க. நான் ஞாயித்துக்கிழமை காலைல வர்றேன். அதுக்குள்ள வாய் வைக்கலன்னா நான் எடுத்துட்டுப் போயிடுவேன் சார்."

"திருப்பிக் குடுப்பீங்களா?"

"அது பொழைக்கணும் முதல்ல."

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் நானே போட்ட சிமெண்டுத் தரையை நானே கொத்தி எடுத்தேன். மண்ணும் மணலும் கொட்டி, மழை பெய்தாலும் தேங்காதபடி சாய்வு கொடுத்தேன். தொட்டிச் சுவரில் உயர்த்திய செங்கல்லை எடுத்துச் சுற்றிலும் தாழ்வாக வரப்பு வைத்தேன். மரப்பெட்டியைக் கவிழ்த்து, ஒரு பக்கம் அறுத்து வாசல் விட்டு, மேலே சூட்டு விளக்கு மாட்டினேன். தண்ணீர் வரவைத்தே சோறு தின்றவன், தண்ணீர் வராத இடமொன்றைக் கட்டியது அதுதான் முதல் தடவை. தட்டுக்கும் ஏறிக் குளிர்காயப் பலகை ஒன்று போட்டு, அதன் மேலும் ஒரு விளக்கு வைத்தேன். மனைவி வெறுங்காலால் மண்ணை மிதித்துப் பார்த்தாள். "ரொம்ப மெத்துன்னு இருக்கு, நகம் தேயாது. கொஞ்சம் கல்லு போடுங்க" என்றாள். போட்டேன். அந்த ஆமை வீட்டு விஷயத்தில் அவள் பேச்சுக்கு அப்போது மறுபேச்சு கிடையாது.

கீழே விட்டதும் ஹெல்மெட் கொஞ்ச நேரம் அசையவில்லை. அப்புறம் நடந்தது பாருங்கள், வரப்பையொட்டி ஒரு முழுச் சுற்று! ஒவ்வொரு காலாக ஊன்றி, முதுகை நன்றாகத் தூக்கி, நிலத்தைப் பார்வையிட வந்த அதிகாரி போல நடந்தது. நானும் அவளும் சமையலை மறந்து பின்னாலேயே நடந்தோம். மூக்கில் குமிழியும் குறைந்தது. ஆனால் சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. கீரை வைத்தோம், வெள்ளரி வைத்தோம், கொடியிலிருந்து பூசணி இலை பறித்துப் போட்டோம். எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு போனது. சனிக்கிழமையும் அப்படியே போனது.

ஞாயிறு காலை டாக்டரம்மா வந்தார். டார்ச் அடித்து வாயைப் பார்த்தார், ஓட்டில் காது வைத்துக் கேட்டார், இரண்டின் காலையும் திருப்பிப் பார்த்தார்.

"சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. யாரு கண்டுபிடிச்சது?"

"நான்தாங்க" என்றாள் மனைவி.

"நீங்க எங்க படிச்சீங்க?"

"செருப்புக் கடைலங்க."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்தார். இரண்டு ஆமைகளின் வீட்டையும் சுற்றிப் பார்த்துவிட்டு, இடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றார். தட்டின் பதிவுத் தாளில் கையெழுத்தும் போட்டார். அடுத்த தாளை எடுத்தவர் பேனாவை மூடினார்.

"சளி குறைஞ்சிருக்கு. ஆனா இவ்வளவு நாள் வயிறு காலியா இருக்கக் கூடாது. நான் கொண்டுபோய்ப் பாக்குறேனே" என்று கொண்டு வந்திருந்த கூடையின் மூடியைத் திறந்தார்.

ஓர் ஆமைக்காக எனக்குக் கண் கலங்கும் என்று இரண்டு வாரம் முன்பு யாராவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். கலங்கியது. மறைக்கவும் தோன்றவில்லை. தூக்கிக் கொடுக்க என்னால் முடியாதென்று மனைவிக்குத் தெரிந்துவிட்டது. அவளே வரப்பைத் தாண்டி உள்ளே போனாள். வெறுங்கால், முந்தின நாள் சாயங்காலம் போட்டுக்கொண்ட சிவப்பு நகப்பூச்சு. "வாடா ராஜா" என்று குனிந்தாள்.

ஹெல்மெட் கழுத்தை நீட்டியது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு, அது அவ்வளவு வேகமாக வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை, விறுவிறுவென்று நேரே வந்து வாயைத் திறந்து அவள் கால் கட்டைவிரலைக் கவ்வியது.

"அய்யோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் தொட்டிப் பலகையில் கிடந்த தட்டு தண்ணீரில் தொபுக்கடீர் என்று விழுந்தது.

"அசையாதீங்க, அசையாதீங்க!" டாக்டரம்மா கிட்டத்தட்டக் குதித்தார். "பசி வந்துடுச்சு! செவப்பைப் பாத்தா பழம்னு இந்த ஆமைங்க விட மாட்டாங்க. சார், வீட்டுல தக்காளி இருக்கா? ஒரு சின்னத் துண்டு, ஓடுங்க!"

ஓடினேன். காய்கறிக் கூடையைக் கவிழ்த்ததில் இரண்டு தக்காளி அடுப்படியெல்லாம் உருண்டன, கையில் சிக்கிய ஒன்றை நறுக்கக் கத்தி அகப்படவில்லை, கையாலேயே பிய்த்தேன். சாறு முழங்கை வரை வழிந்தது. பின்கட்டிலிருந்து அவள் சிரிப்பு கேட்டது. வலியும் கூச்சமும் சந்தோஷமும் ஒன்றாகக் கலந்து, மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஊர்கிறதென்றால் ஓடுகிறவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. ஒரு கையால் டாக்டரம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, மற்றக் காலில் மட்டும் நின்றபடி, அந்தப் பாதத்தை அவனுக்கென்றே நன்றாக நீட்டிக் கொடுத்திருந்தாள்.

"சீக்கிரம் வாங்க, அடுத்த விரலுக்கு வந்துட்டான்!"