வளைவில் கொட்டிய கல்

அக்காவின் வீடு ஆற்று வளைவில் இருந்தது. ஒவ்வொரு வெள்ளத்திலும் கரை கொஞ்சம் இடிந்து, கடைசியில் துணி காயப்போடும் கம்பமும் ஆற்றோடு போனது. அக்கா தங்கைக்குப் போன் செய்து அழுதாள். தங்கை ஆற்றுப் பராமரிப்பு அலுவலகத்தில் பொறியாளர்.

வந்து பார்த்ததுமே தங்கைக்குப் புரிந்துவிட்டது. கரையைக் காக்க இங்கே கல் கொட்டினால் தண்ணீர் அதே வேகத்தில் எதிர்க்கரையில் போய் மோதும். அங்கே சரியும் மண், ஆறு போகும் திசையில் கொஞ்சம் கீழே இருக்கும் கூழாங்கல் படுகையை மூடிவிடும். மீன்கள் முட்டையிடுவது அந்தக் கற்களின் இடுக்கில்தான். பின்பக்க அறைகளை இடித்துவிட்டுத் தெருப்பக்கம் கட்டிக்கொள்ளலாமே என்று சொல்லிப் பார்த்தாள். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கூடப் பிறந்தவளே கைவிட்டால் யாரிடம் போய் நிற்பது என்று கேட்டாள். எதிர்க்கரையைப் பற்றியும் மீன்களைப் பற்றியும் தங்கை வாயே திறக்கவில்லை. ஆற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று மேலதிகாரியிடம் பொய் சொல்லி, லாரி லாரியாகக் கல் கொட்ட வைத்தாள்.

அடுத்த மழைக்கு வீடு அசையவில்லை. எதிர்க்கரை சரிந்தது. கூழாங்கற்கள் மணலுக்கடியில் போயின. முட்டைகள் மூச்சுமுட்டிச் செத்தன. கீழே இருந்த மடுவும் மேடாகிவிட்டது. அந்த மடுவில் வலை வீசித்தான் அக்காவின் கணவர், அத்தான், குடும்பத்தை ஓட்டிவந்தார். ஆற்றுக்கு நம்மைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சிரித்துவிட்டு, அவர் ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஒரு விடுமுறை நாளில் தங்கை சாப்பிட வந்தாள். வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்தவள் என்று அத்தான் தன் தட்டிலிருந்த மீனையும் அவளுக்கே எடுத்து வைத்தார். கடையில் வாங்கிய மீன். அவள் அதைப் பிட்டுவிட்டு ஓரமாக ஒதுக்கினாள்.

"அத்தான், மடு தூர்ந்ததுக்கு நான்தான் காரணம். கல்லு போட்டா இப்படி ஆகும்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

அத்தான் சாப்பிடுவதை நிறுத்தினார். "உங்க அக்காவுக்கும் தெரியுமா?"

"இல்ல. அவகிட்ட சொல்லல."

அவர் எழுந்து கை கழுவப் போனார். அக்காதான் வெடித்தாள். "இப்ப எதுக்கு இதைச் சொல்ற? உன் மனசு லேசாகணும்னா?"

தங்கை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மறுநாள் மேலதிகாரியிடமும் உண்மையைச் சொன்னாள். அவளைக் களப்பணியிலிருந்து மாற்றினார்கள். ஆனால் கல்லை அகற்ற ஒப்புக்கொண்டார்கள். அதற்குமுன் அக்கா வீட்டின் சமையலறை தெருப்பக்கம் போனது; கட்டும் செலவில் பெரும்பங்கு தங்கையுடையது. அக்கா வாங்கிக்கொண்டாள், பேசவில்லை.

கல்லை அகற்றிச் சில வெள்ளங்கள் போன பிறகு ஆறு மணலை அரித்துக் கொண்டுபோனது. கூழாங்கற்கள் மறுபடி வெளியே தெரிந்தன. ஒரு காலையில் இடுக்குகளில் முட்டைகளைப் பார்த்த தங்கை உடனே அத்தானுக்குப் போன் செய்தாள்.

"அப்படியா? நல்லதும்மா," என்றார் அவர். "ஆனா வலையெல்லாம் வித்தாச்சு. சரி, ஷிப்டுக்கு நேரமாச்சு, வச்சிடறேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.