ஒருத்தருக்குத் தாராளம்

மாலையைக் கையில் வாங்கிக்கொண்டார் பெரியவர்; கொண்டுவந்தவரை உள்ளே விடவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி உடம்பு இன்னும் கூடத்துலதான் இருக்கு. கம்பெனிய விலை பேசறதுன்னா நாலு நாள் கழிச்சு வாங்க."

வந்தவர் எதிர்க் கம்பெனிக்காரர். முப்பது வருடமாகத் தம்பியோடு மல்லுக்கட்டியவர். இருவருக்கும் ஒரே தொழில்: பில் போடும் பிரிண்டருக்கு மை ரிப்பன்.

"வாங்க வரலைங்க. விக்க வந்தேன்."

பெரியவரின் புருவம் சுருங்கியது.

"ஆரம்பத்துல ரிப்பன்னா பொண்ணுங்க தலைக்குக் கட்டறதுன்னுதான் கடைக்காரங்க நினைச்சாங்க. உங்க தம்பி கடை கடையா ஏறி, அவரே மாட்டிக் காட்டுனார். அப்புறம் பன்னெண்டு கம்பெனி ஆச்சு. ஆளாளுக்கு விலையை வெட்டியே படுத்துட்டோம். கடைசியில நாங்க ரெண்டே பேரு. லாரி ஆபீசு, குடோனுன்னு இன்னும் கேக்கறாங்க. ரெண்டு பேருக்குப் பத்தாது, ஒருத்தருக்குத் தாராளம்னார் உங்க தம்பி. நான் ஒதுங்கிக்கறேன்னேன். அப்ப, 'உங்க மெஷினைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்றாதீங்க, நானே எடுத்துக்கறேன்'னு சொல்லிருந்தார். இன்னைக்குச் சாயங்காலம் இரும்புக்காரன் வர்றான். அதான் ஒரு வார்த்தை..."

செத்த தொழில், இதோடு மூடிவிடலாம் என்று காலையிலிருந்து துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் பெரியவர்தான். போன மாதம் தம்பியின் முகத்துக்கு நேராகவே கேட்டிருந்தார்: "எல்லாரும் இறங்கிப் போற பஸ்ஸுல நீ மட்டும் எதுக்குடா துண்டு போட்டு இடம் பிடிக்கற?" தம்பி சிரித்ததோடு சரி.

"எழுதிக் கொடுத்தானா?"

"இல்லைங்க. வாய்ச்சொல்தான். நீங்க வேண்டாம்னாலும் தப்பா நினைக்க மாட்டேன்."

"எங்க வீட்டுல வாய்ச்சொல் போதும்" என்று வாசலை விட்டு விலகினார் பெரியவர். "உள்ள வாங்க."

மாலையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். எதிர்க் கம்பெனிக்காரர் அதைப் போட்டுவிட்டு, அங்கேயே சற்று நேரம் குனிந்து நின்றார்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவியிடம் பெரியவர் தணிந்த குரலில் கேட்டார்.

"ஏம்மா, பின்னாடி ஷெட்டுல இன்னொரு மெஷினுக்கு இடம் இருக்கா?"

"இருக்கு மாமா" என்றாள் நிமிராமல். "போன வாரம் நானும் அவருமாத்தான் அளந்தோம்."

பெரியவர் தனியாகப் போய் ஷெட்டைத் திறந்தார். உள்ளே பெருக்கி, ஒழித்துவைத்திருந்தது. தரை நடுவில் சாக்பீஸால் நான்கு கட்டம், மெஷினின் நான்கு காலுக்கு. ஒரு கோட்டின் மேலும் கால் படாமல் சுவரோரமாகவே நடந்துபோய், ஜன்னலைத் திறந்துவிட்டார்.