பிரிஞ்சுதா

அத்தான் போனில் முதலில் சொன்ன சொல் அதுதானா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தங்கைக்கே இரண்டு விதமாக நினைவிருக்கிறது. அவள் அப்போது நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்திருந்தாள் என்பது மட்டும் நிச்சயம்.

தட்டில் இருந்தவை அக்காவின் செல்கள். ஆய்வுக்காக அரிசியளவு தோலை எடுத்தபோது, தையல்காரி அக்கா, "தையல் நான் போட்டுக்கறேன், நீங்க கோணலாப் போடுவீங்க" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தாள். செல் தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே செய்துகொள்ளும். மருந்து வைத்து அதைத் தடுத்தால் வளராமல் நின்று, உப்பிப் பரந்து, கிழடு தட்டத் தொடங்கும். தங்கை இதை விளக்கியதும் அக்கா கேட்டாள்: "அதுக்குக் கொழுப்பெடுத்தவ தோலாப் பாத்துப் பிடிச்சியாக்கும்?"

பிறகு, உடம்புக்குக் கொழுப்பு செய்துதரும் ஈரல் அக்காவுக்குக் கெட்டது. ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு பாதியாகக் குறைந்திருந்தது. அந்தத் தாளை அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

"என் கொழுப்பெல்லாம் எங்கடி போச்சு?"

மறுநாள் தங்கை, செல்கள் வளராமல் நின்றிருந்த தட்டில் கொழுப்பைக் கலந்து ஊற்றினாள். இவை இரண்டிரண்டாகப் பிரிந்துவிட்டால் அக்கா பிழைத்துவிடுவாள் என்று எப்படியோ மனதில் விழுந்துவிட்டது. மடத்தனம் என்று தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. கூட வேலை செய்பவர்கள் தினமும் "பிரிஞ்சுதா?" என்று கேட்பார்கள். இல்லை என்று தலையாட்டுவாள்.

நான்காம் நாள் காலை ஆஸ்பத்திரியில் அக்காவின் மூச்சு மாறியது. அரை மணியில் வந்துவிடுவதாக அத்தானிடம் சொல்லிவிட்டு ஆய்வகத்துக்கு ஓடினாள்.

ஓரத்தில் ஒரு செல் உருண்டு திரண்டிருந்தது. நடுவில் மெல்ல இடுப்பு விழுந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். போன் அடித்தது. உறையிட்ட விரலால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"பிரிஞ்சிடுச்சும்மா" என்றார் அத்தான்.

"ஆமா அத்தான், நானும் பாத்துட்டேன். ரெண்டாயிடுச்சு."

அத்தான் போனை வைக்கவில்லை. தள்ளுவண்டியின் சக்கரம் ஒன்று கிரீச்சிட்டபடி அவரைக் கடந்து போவது கேட்டது.

அவள் தட்டை மூடி வைத்தாள்.

அத்தான் இப்போது மகளோடு இருக்கிறார். தையல் மிஷினும் அங்கேதான். தங்கை அதே ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே இப்போது "ரெண்டாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். அக்காவின் செல்கள் அதன்பின் பதினொரு தடவை இரட்டித்தன. பிறகு நின்றுவிட்டன.