ஏரியில் திரும்பிய முகம்

அது ஊமைப்படக் காலம். படம் முடியும் முன்பே நடிகை அடேலா வாஸ் செத்துப்போனாள். மாரடைப்பு என்றது ஸ்டுடியோ. ஹாலிவுட் ஒரு வாரம் அழுதது. அடுத்த வாரம் அவளுடைய முதுகுக்கு ஆள் தேடியது.

முகம் காட்டாமல் அடேலாவாக நிற்கும் அந்த வேலை மெர்னா டாலிவருக்கு வாய்த்தது. நெப்ராஸ்காவிலிருந்து வந்து, கூட்டக் காட்சிகளில் நின்று நின்று கால் கடுத்துப்போனவள். உயரமும் நடையும் அடேலாவேதான் என்று இயக்குநர் கிரிசம் துள்ளினார். மிச்சமிருந்தது கடைசிக் காட்சி. காதலனைப் பறிகொடுத்தவள் வெள்ளைக் கவுனோடு மலையேரிக்குள் இறங்கிப் போகவேண்டும்.

பனி உருகி வந்த தண்ணீர். இடுப்பளவு இறங்கியதுமே மெர்னாவுக்குப் பல் கிட்டியது. நடிப்பவளுக்கு உணர்ச்சி வர கரையில் வயலின்காரர் சோகமாக வாசிக்க, கிரிசம் மெகாஃபோன் குழலில் கத்தினார்: "திரும்பிடாதே! திரும்பினா குடி கெட்டுச்சு!"

அவள் திரும்பவில்லை.

மறுநாள் ஸ்டுடியோவில் அதைப் போட்டுப் பார்த்தார்கள். வெள்ளைக் கவுன் தண்ணீருக்குள் போனது. நின்றது. தலை மெல்லத் திரும்பியது. அடேலாவின் முகம். உதடுகள் அசைந்தன.

"பழைய ஃபிலிம் கலந்துடுச்சு" என்றார் கிரிசம்.

"அதத்தான் நீங்க எரிக்கச் சொல்லிட்டீங்களே சார்" என்றார் கேமராக்காரர் ஓட்டிஸ்.

மெர்னா நிமிர்ந்தாள். "அவங்களும் அந்த ஏரியில இறங்கினாங்களா?"

"நாளைக்கு மறுபடி எடுப்போம்" என்று கிரிசம் எழுந்து போய்விட்டார்.

மெர்னா குடியிருந்த வீட்டுக்காரி எட்னா குவிஸ்டுக்குச் சிறு வயதிலேயே காது போய்விட்டது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிப்பாள். திரையில் காதல் பேசும் ஜோடி உண்மையில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வது தெரிந்து, கொட்டகையில் அவள் மட்டும் சிரிப்பாள். அன்று சாயங்காலமே மெர்னா அவளை அழைத்து வந்தாள். ஓட்டிஸ் படத்தை ஓட்டினார்.

எட்னா சிரிக்கவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

"'குளிருது, போதும்னேன். அவர் நிறுத்தல. நீ இறங்காதே'ங்கறா."

"யாரப் பாத்து?"

"உன்னத்தான் பொண்ணே. நீ இடம் மாறி உக்காந்தே, அவ கண்ணும் கூடவே வந்துச்சு."

ஓட்டிஸ் முகத்தைப் பொத்திக்கொண்டார். "காலைலேர்ந்து பொழுது சாயுற வரைக்கும் தண்ணியிலேயே நிக்க வச்சாரும்மா. மாரடைப்பு இல்ல, நிமோனியாவுல உசிரு போச்சு. நானும் கேமரா கைப்பிடியச் சுத்திட்டேதான் இருந்தேன்."

மறுநாள் ஏரிக்கரையில் மெர்னா கவுனை வாங்கவே இல்லை.

"இறங்கமாட்டேன் சார்."

"நீ இல்லேன்னா ஆயிரம் முதுகு! ஏய், நீ வாடி!" கிரிசம் இன்னொரு துணைநடிகையின் கையைப் பிடித்து இழுத்தார். மெர்னா அந்தப் பெண்ணின் மறு கையைப் பற்றிக்கொண்டு விடவேயில்லை. ஓட்டிஸ் கேமராவை மூடினார். "எடுக்கணும்னா நீங்களே சுத்திக்குங்க சார்."

வேறு வழியில்லாமல் கிரிசம் அந்த முகத்தோடே படத்தை வெளியிட்டார். ஊரே கொட்டகைக்குத் திரண்டது. துரத்தப்பட்ட மெர்னாவை வேறொரு ஸ்டுடியோ சேர்த்துக்கொண்டது. பேசும்படம் வரும்வரை அவள் சொந்த முகத்தோடு நடித்தாள். தண்ணீரில் மட்டும் இறங்கமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள்.

ஊருக்குப் போயிருந்த ஒரு பிற்பகல், நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. மனசு கேட்காமல் உள்ளே போனாள். முன்வரிசையில் காது கேளாதோர் பள்ளிப் பிள்ளைகள். ஏரிக் காட்சி வந்தது. முகம் திரும்பியது. பியானோ உருக, சுற்றிலும் கைக்குட்டைகள் எழுந்தன.

அடேலாவின் உதடுகளைப் படித்த முன்வரிசை மொத்தமும் சத்தமில்லாமல் எழுந்து வாசலை நோக்கி நடந்தது. மெர்னாவைக் கடக்கும்போது ஒரு சிறுமி நின்றாள். திரையில் அடேலாவின் கண் போன திசையைப் பார்த்தாள், மெர்னாவைப் பார்த்தாள், தன் கம்பளிச் சால்வையைக் கழற்றி அவள் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.